விற்பனை விளம்பரம் போட்டபின் ஸ்பேம் தொல்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

பழைய கேமராவையோ கட்டிலையோ விற்க இணையத்தில் ஒரு விளம்பரம் போடுகிறோம். பொருள் கைமாறிவிடுகிறது, அதோடு கொடுத்த போன் நம்பர் மட்டும் ஊர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வெளியே போன எண்ணைத் திரும்ப வாங்க முடியாது என்பதால் சரிசெய்வதில் வரிசை முக்கியம். முதலில் கசிவை அடைக்க வேண்டும். அடுத்து, அந்த எண்ணை நம்பித் தொங்கும் கணக்குகளைப் பூட்ட வேண்டும். தொல்லை அழைப்புகளை வடிகட்டுவது அதற்கு அப்புறம்தான். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நாள் முழுக்க ஒவ்வொரு எண்ணாக பிளாக் செய்துகொண்டிருப்பார்கள், விளம்பரத்தில் அவர்கள் எண் அப்படியே இருக்கும்.

கீழே அறிகுறி அறிகுறியாகப் பிரித்திருக்கிறேன். உங்களுக்கு நடப்பது எதுவோ அதற்கு நேராகப் போங்கள். ஆனால் யாரிடமாவது ஓடிபி (எஸ்எம்எஸ்ஸில் வரும் சரிபார்ப்பு எண்) சொல்லிவிட்டீர்கள் என்றாலோ, போனில் சிக்னல் திடீரென்று காணாமல் போனது என்றாலோ, மற்றதை ஒதுக்கிவிட்டு அந்தப் பகுதிகளை முதலில் படியுங்கள்.

விளம்பரம் வெளியான கொஞ்ச நேரத்திலேயே அழைப்புகள் குவிகின்றன. பொருளைப் பற்றி யாரும் கேட்பதில்லை

கடன் வேண்டுமா, எங்கள் தளத்தில் இலவசமாக விளம்பரம் போடுகிறோம், உங்கள் பொருளை நாங்களே விற்றுத் தருகிறோம். இந்த ரகம் என்றால் உங்கள் எண்ணை முதலில் படித்தது பெரும்பாலும் மனிதர் அல்ல. புதிதாக வரும் விளம்பரங்களைத் தானாகத் திறந்து, போன் நம்பர் போலத் தெரியும் இலக்கங்களை மட்டும் உருவியெடுக்கும் நிரல்கள் இருக்கின்றன. எண்ணோடு பொருளின் வகை, பகுதி, விலை எல்லாம் சேர்ந்தே போகும். கார் விற்கிறவர் என்று தெரிந்தால் அவரிடம் அடுத்த காருக்குக் கடன் பேசுவது எளிதுதானே.

சோதித்துப் பாருங்கள்: பிரவுசரில் தனிப்பட்ட சாளரம் (இன்காக்னிட்டோ) ஒன்றைத் திறந்து, உள்நுழையாமல், யாரோ ஒரு அந்நியர் பார்ப்பதுபோல உங்கள் விளம்பரத்தைப் பாருங்கள். எண் நேராகத் தெரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது. 'எண்ணைக் காட்டு' என்ற பொத்தானுக்குப் பின்னால் இருந்தாலும், உள்நுழையாமலேயே அதை அழுத்த முடிகிறது என்றால் நிரலாலும் அழுத்த முடியும்.

தீர்வு, தொடர்பு முறையை 'சாட் மட்டும்' என்று மாற்றுவது. பெரும்பாலான தளங்களில் இந்த வசதி விளம்பரத்தைத் திருத்தும் பக்கத்திலோ கணக்கின் தனியுரிமைப் பகுதியிலோ இருக்கும். கிரெய்க்ஸ்லிஸ்ட் போன்ற தளங்கள் விற்பவரின் மின்னஞ்சலுக்குப் பதில் ஒரு இடைநிலை முகவரியைக் காட்டி, கடிதங்களை அதன் வழியாகவே அனுப்பிவைக்கின்றன. சில தளங்கள் தற்காலிக எண் ஒன்றைக் காட்டி அழைப்பை உங்களுக்குத் திருப்பிவிடும். எதுவும் இல்லாத தளம் என்றால், விளம்பரத்துக்கென்று தனி மின்னஞ்சல் ஒன்றைத் திறந்து அதைக் கொடுங்கள். எண் தேவைப்படுவது ஒரே ஒரு கட்டத்தில்தான்: நாளும் நேரமும் முடிவாகி, பொருளைப் பார்க்க ஒருவர் கிளம்பும்போது. அந்த ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

சிலர் எண்ணை 'ஒன்பது எட்டு பூஜ்யம்' என்று எழுத்தில் எழுதுகிறார்கள், நடுவில் புள்ளியும் நட்சத்திரமும் வைக்கிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. மிக எளிய நிரல்கள் மட்டும்தான் ஏமாறும். உட்கார்ந்து கையால் எண் சேகரிப்பவரை இது தடுக்காது. தளத்தின் விதிகளை மீறியதாகச் சொல்லி உங்கள் விளம்பரமே நீக்கப்படவும் கூடும்.

எண்ணை மறைத்துவிட்டேன், ஆனாலும் எண் வெளியே இருக்கிறது

இதற்கு முதலில் படங்களைப் பாருங்கள். வாங்கிய பில்லைக் காட்டினால் நம்பிக்கை வரும் என்று பில்லை அப்படியே படமெடுத்துப் போடுவார்கள். அதன் மேல் ஓரத்தில் வாங்கியவரின் பெயரும் எண்ணும் அச்சாகியிருக்கும். பொருளை அதன் அட்டைப்பெட்டியோடு படமெடுத்தால், பெட்டியில் ஒட்டிய கூரியர் சீட்டில் பெயர், முகவரி, எண் மூன்றும் இருக்கும். படத்தைப் பெரிதாக்கினால் தெளிவாகவே படிக்கலாம். படத்திலிருக்கும் எழுத்தைப் படிப்பது இன்றைய நிரல்களுக்கு ஒரு வேலையே இல்லை. மறைப்பதென்றால் அந்த இடத்தின் மேல் அடர்ந்த கட்டம் போட்டு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதைப் பதிவேற்றுங்கள். மங்கலாக்குவது போதாது. அரைகுறையாகத் தெரியும் மார்க்கர் கோடும் உதவாது, வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருப்பது தெரிந்துவிடும்.

அடுத்து, வாட்ஸ்அப்பில் பேச வைக்கும் லிங்க். அதில் எண் தெரியாதது போலத் தோன்றினாலும், லிங்க்கின் முகவரிக்குள்ளேயே உங்கள் எண் நாட்டுக் குறியீட்டோடு எழுதியிருக்கும். அதை விளம்பரத்தில் வைப்பதும் எண்ணை வைப்பதும் ஒன்றுதான்.

இவை தவிர, தளத்தில் உங்கள் பெயராக எண்ணையே வைத்திருக்கிறீர்களா, முன்பு போட்ட விளம்பரங்கள் இன்னும் பக்கமாகத் திறக்கின்றனவா என்று பாருங்கள். 'விற்றாகிவிட்டது' என்று குறிப்பது வேறு, விளம்பரத்தை நீக்குவது வேறு.

அப்புறம் உங்கள் எண்ணையே தேடுபொறியில் தேடுங்கள். மேற்கோள்குறிக்குள் இட்டு, நாட்டுக் குறியீட்டோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை, நடுவில் இடைவெளி விட்டு ஒருமுறை. உங்கள் விளம்பரத்தை அனுமதியில்லாமல் நகலெடுத்துப் போட்டிருக்கும் வேறு தளங்கள் இப்படித்தான் கண்ணில் படும். கூகுள் 2022 முதல், போன் நம்பர், வீட்டு முகவரி போன்றவை தெரியும் முடிவுகளை நீக்கக் கோருவதற்கென்றே ஒரு கருவி வைத்திருக்கிறது. ஆனால் அது தேடல் முடிவை மட்டும்தான் எடுக்கும், மூலப் பக்கம் அப்படியே இருக்கும். அதனால் அந்தத் தளத்துக்கும் எழுதி நீக்கச் சொல்லுங்கள்.

வாங்குகிறேன் என்றவர், "நீங்கள் உண்மையான ஆள்தானா?" என்று ஆறு இலக்க எண் கேட்கிறார்

இந்தப் பட்டியலில் மிக ஆபத்தானது இதுதான். உரையாடல் சாதாரணமாகத்தான் தொடங்கும்.

"பொருள் இன்னும் இருக்கிறதா?"

"இருக்கிறது."

"சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் இப்போது போலி விளம்பரம் அதிகம். உங்கள் எண்ணுக்கு ஒரு கோட் அனுப்பியிருக்கிறேன். அதைச் சொன்னால் நீங்கள் நிஜமான ஆள் என்று நம்பி உடனே கிளம்பி வருவேன்."

பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டவர், நியாயமான சந்தேகம் போலவும் தெரிகிறது, ஆறு இலக்கம்தானே என்று மனம் இளகும். சொல்வதற்கு முன் அந்த எஸ்எம்எஸ்ஸை முழுதாகப் படியுங்கள். அது அந்த ஆளிடமிருந்து வந்திருக்காது. கூகுளோ வாட்ஸ்அப்போ வங்கியோ அனுப்பியிருக்கும். யாருடனும் பகிர வேண்டாம் என்று அதிலேயே எழுதியிருக்கும். நடப்பது இதுதான்: அவர் தன் கருவியில் உங்கள் எண்ணைப் போட்டு ஒரு கணக்கைத் திறக்கிறார். அந்தச் சேவை, எண்ணின் சொந்தக்காரர் சம்மதிக்கிறாரா என்று உங்களிடம் கேட்கிறது. அந்தக் கோட் எண்ணைச் சொன்னால் சம்மதித்ததாக அர்த்தம். வாங்குபவர் விற்பவரைச் சோதிக்க இப்படி ஒரு முறையே கிடையாது. விதிவிலக்கும் கிடையாது.

அமெரிக்காவில் இது கூகுள் வாய்ஸ் மோசடி என்ற பெயரில் பரவியது (கூகுள் வாய்ஸ் என்பது இணையவழி போன் எண் தரும் கூகுள் சேவை). அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையமே விளம்பரம் போடுவோரை இதைப் பற்றி எச்சரித்தது. உங்கள் எண்ணைக் காட்டி ஒரு இணைய எண்ணை வாங்கி, அதை வைத்து அடுத்தவரை ஏமாற்றுவார்கள். தேடிக்கொண்டு போனால் உங்கள் எண்ணில் வந்து நிற்கும். மற்ற இடங்களில் வாட்ஸ்அப் கணக்கைப் பறிப்பதுதான் அதிகம்: உங்கள் கணக்கிலிருந்து உறவினர்களுக்கு 'அவசரமாகப் பணம் வேண்டும்' என்று போகும்.

ஏற்கனவே சொல்லிவிட்டீர்களா? வெட்கப்பட்டு நேரம் கடத்தாமல் இதைச் செய்யுங்கள். வாட்ஸ்அப் என்றால், உங்கள் போனில் அதே எண்ணை மறுபடி பதிவு செய்யுங்கள். புதிய கோட் உங்களுக்கு வரும், அதைப் போட்டதும் மற்றவரின் போனிலிருந்து கணக்கு வெளியேறிவிடும். நீங்கள் வைக்காத ஒரு பின்னை (ரகசிய எண்ணை) ஆப் கேட்டால், அது அந்த ஆள் வைத்தது. 7 நாள் கழிந்தபின் அந்தப் பின் இல்லாமலேயே உள்ளே போகலாம். அதுவரை அவரும் வெளியேதான் இருப்பார். இதற்கிடையே தெரிந்தவர்களுக்கு வேறு வழியில் தகவல் சொல்லிவிடுங்கள். உள்ளே போனதும் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியலைத் திறந்து தெரியாததை எல்லாம் வெளியேற்றி, இரு-படி சரிபார்ப்பில் சொந்தமாக ஒரு பின் வையுங்கள். கூகுள் வாய்ஸ் என்றால், உங்கள் கூகுள் கணக்கிலிருந்து அந்தச் சேவையில் அதே எண்ணை இணைத்தால் மோசடிக்காரர் கணக்கிலிருந்து அது கழன்றுவிடும்.

இதில் இன்னொரு வடிவம் உண்டு. கோட் எண்ணைக் கேட்க மாட்டார்கள், கொடுப்பார்கள். "இந்த எட்டு எழுத்தை உங்கள் வாட்ஸ்அப்பில் போடுங்கள், பேமெண்ட் உறுதியாகும்" என்பார்கள். அது அவர்கள் கருவியை உங்கள் கணக்கோடு இணைக்கும் குறியீடு. போட்டால் உங்கள் உரையாடல்கள் அத்தனையும் அங்கே தெரியும். இதற்கும் வைத்தியம் அதே 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியல்தான்.

பணம் அனுப்புகிறேன் என்று சொல்லி லிங்க்கோ கியூஆர் கோடோ அனுப்புகிறார்

திறக்க வேண்டாம், ஸ்கேன் செய்ய வேண்டாம். பணம் வாங்குகிறவர் தன் ரகசியப் பின்னைப் போட வேண்டிய அவசியமே இல்லை. பின் கேட்டால் பணம் உங்களிடமிருந்து போகிறது என்று பொருள். கூரியர் நிறுவனத்தின் பக்கம் போலவே இருக்கும் லிங்க்கில் கார்டு விவரம் கேட்பதும் இதே வகை. தளத்தின் சாட்டிலேயே பேசுவோம் என்று நீங்கள் சொன்னதும் இப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் மறைந்துவிடுவார்கள். வெளியே வாட்ஸ்அப்புக்கு இழுப்பதில் அவர்கள் காட்டும் அவசரமே ஒரு அடையாளம்.

ஒரே ரிங், உடனே கட்; பெரும்பாலும் வெளிநாட்டு எண்

திருப்பி அழைக்காதீர்கள். நிமிடத்துக்கு அதிகக் கட்டணம் பிடிக்கும் எண்களுக்கு உங்களை அழைக்க வைத்து, அந்தக் கட்டணத்தில் பங்கு எடுக்கும் பழைய தந்திரம் இது. விற்பனை நேரத்தில் மிஸ்டு காலைப் பார்த்ததும் வாங்குபவராக இருக்குமோ என்று கை துறுதுறுக்கும். நிஜமாகப் பொருள் வேண்டியவர் ஒரு மெசேஜ் போடுவார்.

பிளாக் செய்யச் செய்ய புதுப்புது எண்களிலிருந்து வருகிறது

வரும், ஏனென்றால் திரையில் தெரியும் எண் உண்மையான எண்ணாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இணையவழி அழைப்புகளில் அழைப்பவர் எந்த எண்ணையும் காட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் ஒன்றை மாற்றினால் உங்கள் பிளாக் பட்டியல் வீண். அமெரிக்காவில் 2021 முதல் பெரிய தொலைபேசி நிறுவனங்கள் அழைப்பு எண்ணுக்கு டிஜிட்டல் கையொப்பம் இட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று கட்டாயமாக்கியும் தொல்லை அடியோடு ஒழியவில்லை.

தனித்தனி எண்ணை விட்டுவிட்டு, தெரியாத எண் என்ற முழு வகையையே வடிகட்டுங்கள். ஐபோனில் 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் தெரியாத அழைப்புகளை ஒலிக்காமல் செய்யும் வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்களின் டயலரில் ஸ்பேம் வடிகட்டி இருக்கும். வாட்ஸ்அப்பில் 2023 முதல் இதற்கென்று தனிச் சுவிட்ச் இருக்கிறது. தனியுரிமைப் பகுதியில், 'அழைப்புகள்' என்பதற்குள் பாருங்கள். ஒரு சிக்கல்: தெரியாத எண்ணை அமைதியாக்கினால் மருத்துவமனை, பள்ளி, டெலிவரி ஆள் எல்லாரும் அதில் அடங்கிவிடுவார்கள். அழைப்புப் பட்டியலில் பதிவாகும், ஆனால் மணி அடிக்காது. அதனால் மாலையில் ஒருமுறை பட்டியலைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

'இனி அழைக்க வேண்டாம் என்றால் 2-ஐ அழுத்துங்கள்' என்ற பதிவுக் குரலுக்கும், 'நிறுத்த' என்று பதில் போடச் சொல்லும் அறிமுகமில்லாத எஸ்எம்எஸ்ஸுக்கும் எதுவும் செய்யாமல் இருப்பதே நல்லது. இந்த எண்ணில் ஒரு ஆள் இருக்கிறார், படிக்கிறார் என்பதை நீங்களே உறுதி செய்து கொடுத்ததாகிவிடும்.

டெலிவரி ஆள் என்று சொல்லி நட்சத்திரக் குறியோடு ஒரு எண்ணை டயல் செய்யச் சொன்னார்

பொருளை எடுக்க வரும் ஆள் போலப் பேசி, \*\*21\* என்று தொடங்கி ஒரு போன் நம்பரோடு முடியும் ஒன்றை டயல் செய்யச் சொன்னாரா? அது உங்கள் அழைப்புகள் எல்லாவற்றையும் அவர் எண்ணுக்குத் திருப்பிவிடும் கட்டளை. எஸ்எம்எஸ் இதில் திரும்பாது. ஆனால் பல சேவைகள் கோட் எண்ணைக் குரல் அழைப்பாகவும் சொல்லும். அந்த அழைப்பு அவருக்குப் போய்விடும்.

டயலரில் \*#21# போட்டுப் பாருங்கள். அழைப்புகள் எங்கேயாவது திரும்புகின்றனவா என்று திரையில் வரும். பதில் வராத போது திரும்புகிறதா என்று பார்க்க \*#61#, தொடர்பு எல்லையில் இல்லாத போது என்றால் \*#62#, பிஸியாக இருக்கும் போது என்றால் \*#67#. இந்தக் கடைசி மூன்றில் வாய்ஸ்மெயில் எண் தெரிவது சகஜம், பயப்பட வேண்டாம். எல்லாத் திருப்பலையும் ஒரேயடியாக நீக்க ##002#. இவை ஜிஎஸ்எம் என்ற மொபைல் தொழில்நுட்பத்தின் பொதுக் குறியீடுகள். உங்கள் சிம் நிறுவனத்தின் இணைப்பில் இவை வேலை செய்யாவிட்டால் போனின் அழைப்பு செட்டிங்ஸில் அதே வசதி இருக்கும்.

"உங்கள் எண்ணிலிருந்து அழைத்தீர்களே" என்று யாரோ திட்டுகிறார்கள்

உங்கள் எண்ணை யாரோ முகமூடியாகக் காட்டுகிறார்கள். உங்கள் அழைப்புப் பட்டியலில் அந்த அழைப்பு இல்லையென்றால் பெரும்பாலும் போன் ஹேக் ஆகவில்லை. சிம் நிறுவனத்திடம் தகவல் கொடுத்துவையுங்கள்; அந்த ஆட்கள் காட்டும் எண்ணை மாற்றிக்கொண்டே போவதால் இது பெரும்பாலும் தானாக ஓய்ந்துவிடும். ஆனால் உங்கள் பெயரிலேயே இணைய எண்ணோ வாட்ஸ்அப் கணக்கோ ஓடுகிறது என்றால் கதை வேறு. மேலே கோட் பற்றிச் சொன்ன பகுதிக்குப் போங்கள்.

சிக்னல் திடீரென்று போய்விட்டது, மறுபடி வரவில்லை

பக்கத்திலிருப்பவருக்கு அதே நெட்வொர்க் கிடைக்கிறது, உங்களுக்கு மட்டும் இல்லை, போனை அணைத்துப் போட்டும் வரவில்லை. அப்படியென்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் வேறு போனிலிருந்து சிம் நிறுவனத்தை அழைத்து, என் எண்ணுக்குப் புது சிம்மோ இ-சிம்மோ (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இயங்கும் சிம்) கொடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். விளம்பரத்தில் கிடைத்த பெயர், எண், பகுதி. சாட்டில் பேச்சுவாக்கில் வாங்கிய பிறந்த தேதி. இவற்றைச் சேர்த்து உங்களைப் போல நடித்து எண்ணைத் தன் சிம்முக்கு மாற்றிக்கொள்வது சிம் ஸ்வாப். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் தலைமைச் செயல் அதிகாரி ஜாக் டோர்சியின் ட்விட்டர் கணக்கே அவருடைய போன் எண் வழியாகத்தான் கைப்பற்றப்பட்டது.

எண்ணை முடக்கச் சொன்ன கையோடு வங்கிக்குச் சொல்லுங்கள். பிறகு மின்னஞ்சலின் கடவுச்சொல், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் மாற்றும் சாவி அங்கேதான் இருக்கிறது. இன்னும் எதுவும் நடக்காதவர்கள் இன்றைக்கே செய்ய வேண்டியது: முக்கியமான கணக்குகளில் எஸ்எம்எஸ் கோட் எண்ணுக்குப் பதில் ஆதெண்டிகேட்டர் ஆப்பையோ (போனிலேயே கோட் உருவாக்கும் செயலி) பாஸ்கீயையோ (கடவுச்சொல்லுக்குப் பதில் கைரேகை, முகம் அல்லது திரைப் பூட்டால் உள்நுழையும் முறை) வையுங்கள், சிம் மாற்றத்துக்குக் கூடுதல் பின் அல்லது பூட்டு இருக்கிறதா என்று உங்கள் நிறுவனத்திடம் கேளுங்கள். போனில் வைக்கும் சிம் பின் இதற்கு உதவாது, அது போன் திருட்டுக்குத்தான்.

தனியாக வாங்கிய புது சிம்மிலும் யார் யாருக்கோ அழைப்பு வருகிறது

விளம்பரத்துக்கென்று இரண்டாவது எண் வைப்பது நான் மனதார ஆதரிக்கும் வழி. இரட்டை சிம் போனில் ஒன்றை விற்பனைக்கு ஒதுக்கி, பொருள் போனதும் அந்த சிம்மை மட்டும் அணைத்துவிடலாம். ஆனால் புது எண் என்பது பல நேரம் யாரோ விட்டுப்போன பழைய எண். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் அமெரிக்காவில் புதியவர்களுக்குக் கிடைக்கக்கூடிய 259 எண்களைப் பார்த்தபோது, 171 எண்கள் பழைய சொந்தக்காரரின் இணையக் கணக்குகளோடு இன்னும் இணைந்தே இருந்தன.

அதனால் வாங்கிய எண்ணை முதலில் தேடுபொறியில் போட்டுப் பாருங்கள். அந்த எண்ணை வங்கிக்கோ மின்னஞ்சலுக்கோ ஒருபோதும் கொடுக்காதீர்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் அது இன்னொருவர் கைக்குப் போகும், உங்கள் விளம்பரக் கணக்கும் அதோடு போகும்.

விளம்பரத்தை எடுத்து மாதக்கணக்கில் ஆகியும் நிற்கவில்லை

எண் இப்போது பட்டியல்களில் குடியேறிவிட்டது. அது உங்கள் விளம்பரத்திலிருந்து மட்டும் போயிருக்க வேண்டும் என்றும் இல்லை. 2021 ஏப்ரலில் 106 நாடுகளைச் சேர்ந்த 53 கோடிக்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் பயனர்களின் எண்கள் உள்ளிட்ட விவரங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடந்தன. இந்த நிலையில் செய்யக்கூடியது, எண்ணை வைத்து உங்களைக் கண்டுபிடிப்பதைக் கடினமாக்குவது. டெலிகிராமில் எண்ணை யார் பார்க்கலாம் என்பதை 'யாரும் இல்லை' என்றும், எண்ணால் யார் கண்டுபிடிக்கலாம் என்பதை 'என் தொடர்புகள்' என்றும் வையுங்கள். வாட்ஸ்அப்பில் படத்தைத் தொடர்புகளுக்கு மட்டும் காட்டுங்கள். அழைப்பவரின் பெயர் காட்டும் செயலிகளில் உங்கள் பெயர் இருக்கக்கூடும், நீங்கள் அவற்றை நிறுவியிருக்காவிட்டாலும். ட்ரூகாலர் தன் தளத்திலேயே எண்ணைப் பட்டியலிலிருந்து எடுக்கக் கோரும் வசதி வைத்திருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு தாங்க முடியவில்லை என்றால்தான் எண்ணை மாற்றுங்கள். மாற்றும்போது புது சிம்மை வாங்கி, பழையதும் உயிரோடு இருக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள்: முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி, அப்புறம் வாட்ஸ்அப்பின் 'எண்ணை மாற்று' வசதி, பிறகு மற்றவை. பழைய எண்ணுக்கு வரும் எஸ்எம்எஸ்களை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தால் மறந்துபோன கணக்குகள் அகப்படும். ஒவ்வொன்றிலும் வெளியேறி, புது எண்ணை வைத்து மறுபடி உள்ளே போய்ப் பாருங்கள். கடைசிக் கணக்கும் மாறும்வரை பழைய சிம்மைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.